டெஸ்டர் பச்சியப்பனின் ஸ்பீடு நோட்டு

சின்னாங்கொட்டாய் பால் சொசைட்டியில் முப்பத்தொரு வருஷம் டெஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பச்சியப்பன், அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒருவரையும் நம்பியதில்லை. சொந்த மாமனார் கேனில் கொண்டுவந்த பாலிலேயே லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்து, தண்ணீர் இருக்கிறது என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லித் திருப்பி அனுப்பியவர் அவர். மாமனார் அதன் பிறகு ஏழு வருஷம் மகள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இதை அவர் வருத்தத்தோடு சொல்வார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார்.

சொசைட்டியில் பால் ஊற்ற வரும் ஒவ்வொருவர் கேனிலிருந்தும் டெஸ்டர் ஒரு சின்ன டம்ளர் சாம்பிள் எடுப்பார். காலையில் நூறு பேர், சாயங்காலம் நூறு பேர். எடுத்த சாம்பிள் திரும்ப யார் கேனுக்கும் போகாது. பாலைச் சோதிக்க ஆகும் பால், பால்காரன் பாலிலிருந்துதான் போக வேண்டும் என்பது எல்லா ஊர் சொசைட்டியிலும் வழக்கம். இதைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் பச்சியப்பன், டெஸ்ட் இல்லையென்றால் ஊரே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கும் என்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, கையில் ஒரு செல்போனையும் கொடுத்து, அதில் ஸ்பீடு டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சொல்லிக்கொடுத்த புண்ணியவான் நான்தான்.

என் பெயர் அருண்குமார். நல்லம்பள்ளி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பந்த லைன்மேன். அங்கே பாதி நாள்தான் வேலை என்பதால், மீதிப் பாதிக்கு மாதேஸ்வரன் என்கிற கேபிள்காரரிடம் கம்பம் ஏறுகிறேன். அதாவது டெலிபோன் கம்பி இன்டர்நெட் சரியில்லை என்றாலும் என்னைத்தான் திட்டுவார்கள், கேபிள் இன்டர்நெட் சரியில்லை என்றாலும் என்னைத்தான் திட்டுவார்கள். இந்தத் தாலுகாவில் இப்படி இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற பாக்கியம் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

பச்சியப்பன் எனக்குத் தூரத்து உறவில் மாமா முறை. அவர் மனைவி சாலம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு கிடந்துவிட்டு வர வேண்டும். கூட்டிக்கொண்டு போய்வருவது ஒரே மகள் கோகிலவாணி. அவள் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்துக்கு வீட்டிலிருந்தே போனில் பேசுகிற வேலை பார்க்கிறாள். டாக்டரைப் பார்க்க நேரம் கேட்பவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் பதில் சொல்ல வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் ராத்திரி பத்து மணிக்குத்தான் கழற்றுவாள். அம்மாவை மெஷினிலிருந்து கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு வேலைக்கு உட்கார இதைவிட்டால் வேறு வேலை கிடையாது. பேச்சு முழுக்க இன்டர்நெட் வழியாகப் போவதால், லைன் விட்டு விட்டு வந்தால் கம்பெனி வார்னிங் கொடுக்கும். ஆறு மாதத்தில் மூன்று வார்னிங் வந்தால் வீட்டு வேலை ரத்து. பெங்களூர் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் நின்றுகொள்ளலாம்.

ஆக, அந்த வீட்டில் லைன் என்றால் சும்மா லைன் இல்லை. இது பச்சியப்பனுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

முதலில் அவர்கள் வீட்டில் இருந்தது டெலிபோன் கம்பியில் வரும் இன்டர்நெட். டி.எஸ்.எல். என்பார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடிச் செம்புக் கம்பி வரும், வேறு யாரும் அதில் பங்குக்கு வர மாட்டார்கள். ஆனால் தூரம் ஆக ஆக இளைத்துப்போகும். கேபிள் இன்டர்நெட் என்பது டி.வி.க்கு வரும் தடிமனான கறுப்பு ஒயரிலேயே வருவது. அது இளைக்காது. ஆனால் தெருவில் இருக்கிற எல்லா வீடும் அதையே பங்கு போட்டுக்கொள்ளும், சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து படம் பார்த்தால் ஸ்பீடு இறங்கும். இவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. எது நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்லு என்பார்கள். சொன்னால், அப்போ உனக்கு அதில் கமிஷன் அதிகமா என்பார்கள்.

சின்னாங்கொட்டாய் நல்லம்பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டர் இருந்தாலும், கம்பி வயலைச் சுற்றி, ஓடையைச் சுற்றி, இடத்தகராறு உள்ள ஒரு மாந்தோப்பையும் சுற்றி வருவதால், வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். மூன்று எம்பி கிடைத்தால் பெரிய விஷயம். ஆனால் போனில் பேசுவதற்கு மூன்று எம்பி தாராளம், அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இருந்தும் கோகிலவாணியின் பேச்சு நடுநடுவே கரைந்து போனது. என்னைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தால் மோடத்தைக் காணோம். பச்சியப்பன் அதை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். விலை உயர்ந்த சாமான் வெளியில் இருக்கலாமா என்பது அவர் கேள்வி. பீரோ அலையை எல்லாம் தடுத்துவிடும் என்று விளக்கி, வெளியே எடுத்துச் சுவரில் மாட்டினேன். டெலிபோனுக்கும் மோடத்துக்கும் நடுவில் போடுகிற ஃபில்டர் கெட்டிருந்தது, மாற்றினேன். ஓடைக்கரைக் கம்பத்தில் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது, வெட்டிப் புதிதாக முறுக்கினேன். மகளை வைஃபையை நம்பாமல் ஒயரைக் குத்தி உட்காரச் சொன்னேன். ஒரு லைன்மேன் செய்யக்கூடிய அத்தனையும் செய்தேன். நான் இருந்த மூன்று மணி நேரமும் ஒரு பேச்சுகூட அறுபடவில்லை.

அப்போதுதான் என் தலையில் சனி ஏறியது. வேலை சரியாக முடிந்ததென்று அவருக்கு நிரூபிப்பதற்காக, அவர் செல்போனில் ஸ்பீடு டெஸ்ட்டைப் போட்டுக் காட்டினேன். முள் நகர்ந்து மூன்றில் வந்து நின்றது. பச்சியப்பன் அதை எப்படிப் பார்த்தார் என்கிறீர்கள்? கல்யாணத்தன்றுகூட அவர் சாலம்மாளை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"இது எந்நேரம் வேணும்னாலும் பாக்கலாமா?" என்று கேட்டார்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளே சந்தையில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், ஸ்பீடு, வானிலை, குறிப்பு என்று ஐந்து கட்டம் பிரித்துவிட்டார். காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி ராத்திரி பத்து மணி வரை, கால்மணிக்கு ஒருமுறை டெஸ்ட். கடிகாரத்தில் பெரிய முள் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டில் வந்து நிற்கும்போது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்தாலும் இடது கையால் போனை எடுத்துவிடுவார். நான் அந்த வீட்டில் இருக்கும்போது மட்டும் டெஸ்ட் செய்ய மாட்டார். என் கை எங்கே போகிறது, எந்த ஒயரைப் பிடுங்குகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டியிருப்பதால் போனை மடியில் வைத்துவிடுவார். நான் கிளம்பியதும் கணக்காக ஆரம்பித்துவிடுவார். நான் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, போனால் கெட்டுவிடுகிறது என்று அவர் என்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தார். வருமானத்துக்காக நானே கெடுத்துவிட்டுப் போகிறேனாம்.

பேச்சு மறுபடி அரை நிமிஷம் அரை நிமிஷமாக அறுந்து, ஜூன் கடைசியில் முதல் வார்னிங் வந்தது. பச்சியப்பன் டி.எஸ்.எல்.லைத் தலைமுழுகிவிட்டு மாதேஸ்வரனின் கேபிளுக்கு மாறினார். மாறும் முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் இரண்டு லைனும் வைத்திருந்தார். ஒரு நோட்டு இரண்டு நோட்டாயிற்று. ஊரில் இருக்கிற ஒவ்வொரு கேபிள் வீட்டுக்கும் போய், வந்தது வந்துவிட்டோம் என்று ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தார். அவர் படி ஏறினாலே மோடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை மாமா என்று சொல்லுகிற அளவுக்கு ஜனங்கள் தேறிவிட்டார்கள்.

கேபிளில் காலையில் நாற்பது எம்பி வந்தது. பச்சியப்பன் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்த முதல் நாள் அது. சாயங்காலம் ஏழு மணிக்குப் பன்னிரண்டுக்கு இறங்கியதும் சிரிப்பும் இறங்கியது. உடனே மாதேஸ்வரனுக்குப் போன் போட்டு, காலையில் கறந்த பாலைக் கொடுத்துவிட்டு ராத்திரியில் தண்ணீர் ஊற்றுகிறாயா என்று கேட்டார். அவரும் பாவம், தெருவில் முப்பது வீடு ஒரே ஒயரில் இருக்கிறது, சீரியல் நேரம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். கோகிலவாணிக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பன்னிரண்டே அவளுக்கு மிச்சம். பேச்சு எப்போதாவது லேசாகக் கரகரக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஜூலை பதினேழாம் தேதி ஸ்பீடு ஒரேயடியாக ஒரு எம்பிக்கு விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. மறுபடியும் அரை நிமிஷம் அரை நிமிஷமாகப் பேச்சு அறுந்தது. நான் போய்த் தெருக் கம்பத்தில் இருக்கிற கேபிள் பெட்டியிலிருந்து வீடு வரை ஒயரைப் பார்த்தேன், துருப்பிடித்த கனெக்டர் இரண்டை மாற்றினேன், டி.வி.க்கும் மோடத்துக்கும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. மாதேஸ்வரன் கம்ப்யூட்டரில் பார்த்து, மாதத்துக்குக் கொடுத்த நூறு ஜிபியும் தீர்ந்துவிட்டது, அதனால்தான் ஒரு எம்பிக்குக் குறைந்திருக்கிறது, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சரியாகிவிடும் என்றார். லிமிட் முடிந்ததென்று பச்சியப்பன் போனுக்கு மெசேஜும் போயிருந்தது. அதை அவர் ஏமாற்றுக்காரர்கள் அனுப்பியது என்று அன்றைக்கே அழித்துவிட்டிருந்தார்.

"எங்க வூட்டுல படம் பாக்கற நாதி யாரு இருக்கறா? நூறு ஜிபியை யாரு குடிச்சா?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். யாராவது திருடுகிறார்களோ என்று மாதேஸ்வரன் பேச்சை முடிப்பதற்காக ஒரு வார்த்தை போட்டுவைத்தார். போதுமே. அடுத்த காட்டில் தக்காளி போட்டிருக்கும் சென்றாயன் வரப்பில் உட்கார்ந்து போன் பார்ப்பதைப் பச்சியப்பன் முன்பே குறித்துவைத்திருந்தார். சென்றாயன் தக்காளி விலை பார்த்தானோ வேறு எதைப் பார்த்தானோ, சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். பச்சியப்பன் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினார். மறுநாளும் மாற்றினார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மகள் யாரோ ஒரு சிக்கமகளூர்க்காரருக்கு இதய டாக்டரிடம் நேரம் குறித்துக்கொண்டிருக்கும்போது மாற்றினார். ஒயர் கனெக்ஷன் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக அதையும் பிடுங்கிப் போட்டிருந்தார், ஒயர் வழியாகவும் திருடலாம் என்று யாரோ சொன்னார்களாம். கோகிலவாணி லைனை விட்டு வெளியே விழுந்தாள். புதுப் பாஸ்வேர்டைக் கதவிடுக்கு வழியாக எழுத்தெழுத்தாகச் சொன்னார், சத்தமாகச் சொன்னால் சென்றாயன் காதில் விழுந்துவிடுமே. அவள் மறுபடி உள்ளே போவதற்குள் பதினோரு நிமிஷம் ஆயிற்று. அது இரண்டாவது வார்னிங்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதியும் அதே கதை. ஒன்றாம் தேதியிலிருந்து நாற்பது, பதினேழாம் தேதி ஒன்று. இந்த முறை பச்சியப்பன் பதறவில்லை. மூன்றாவது வார்னிங் வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். தப்பு கேபிள்காரன் மேல்தான், மகள் மேல் இல்லை என்று காட்ட அவரிடம் சாட்சி இருந்தது. நான்கு மாதமாக எழுதிய ஸ்பீடு நோட்டு. கோகிலவாணி வேண்டாமென்று தயங்கினாள். அவர் விடவில்லை. "கையெழுத்துப் போட்ட நோட்டும்மா, எந்தக் கோர்ட்டுலயும் நிக்கும்" என்றார். ஆகஸ்ட் மாதப் பக்கங்களை எல்லாம் படம் பிடித்து மேலதிகாரி நிர்மலாவுக்கு அனுப்பவைத்தார்.

இருபதாம் தேதி காலையில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். சாலம்மாள் கட்டிலில் படுத்திருந்தார். முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கோகிலவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிர்மலா அப்போதுதான் போனில் பேசி முடித்திருக்கிறார். அவர் சொன்னது இதுதான்: பேச்சு அறுந்த நேரங்களின் பட்டியல் கம்பெனியிடம் இருக்கிறது. அதையும் நோட்டையும் அவர்களுடைய டெக்னிக்கல் ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வேலை நடுவில் ஓய்வு எடுத்துக்கொள்ள, லைனை வேண்டுமென்றே அடைத்துக்கொள்ளுகிற ஆட்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் கால்மணிக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொன்னது நீதானா? நாளைக்குள் பதில் சொல்.

பச்சியப்பன் கொதித்தார். அவன் என்ன பட்டியல் வைத்திருக்கிறான், கொண்டா பார்க்கலாம் என்றார். கோகிலவாணி கம்பெனி அனுப்பிய பட்டியலைப் போனில் திறந்து அம்மாவிடம் கொடுத்தாள். சாலம்மாள் நோட்டையும் கேட்டு வாங்கி, கட்டிலில் மல்லாக்கப் படுத்தபடியே, ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் போன் என்று மாறி மாறிப் பார்த்தார். மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால். போனிலும் மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால். அவர் இரண்டாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அன்றைக்கு எழுத்தே தேவைப்படவில்லை.

"என்னுங்க," என்றார் சாலம்மாள், "நீங்க சாம்பிள் எடுத்த நேரத்துலதான் பாப்பா பேச்சு அறுந்திருக்குது. அறுந்த எல்லா நாளும் அப்பிடித்தான்."

பச்சியப்பன் என்னைப் பார்த்தார். அப்போதுகூட அவர் முகத்தில், நீ என்னடா செய்துவிட்டாய் என்கிற கேள்விதான் இருந்தது. ஒரு டெஸ்ட் எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஸ்பீடைக் காட்ட அது லைன் முழுவதையும் இழுத்துப் பார்க்கும் மாமா, அந்த அரை நிமிஷம் வேறு எதற்கும் இடம் இருக்காது, ஒரு எம்பி, மூன்று எம்பி லைனில் பேச்சு நின்றே போகும் என்றேன். நாற்பது எம்பி ஓடும்போது பேச்சு தப்பித்துக்கொள்ளும், ஆனால் ஒரு டெஸ்ட்டுக்கு எழுபது எம்பி அளவுக்கு லிமிட்டில் கழிந்துவிடும் என்றேன். அவர் வாய்க்குள் பெருக்கினார். ஒரு நாளைக்கு அறுபத்தாறு டெஸ்ட். நான்கு ஜிபிக்கு மேல். பதினேழு நாளைக்கு ஏறக்குறைய எண்பது. மகளுடைய வேலைக்கு ஒரு இருபது. முப்பத்தொரு வருஷம் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று ஃபேட் கணக்குப் போட்ட மூளை, விடையைத் தப்பாகப் போடத் தெரியாமல் சரியாகவே போட்டுவிட்டது.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான்கு மாதம் என்னைத் திருடன் என்று சொன்ன மனிதர். சாலம்மாளின் அப்பாவை ஊர் முன்னால் நிற்கவைத்த மனிதர். வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பிறகு கோகிலவாணியைப் பார்த்தேன். அவள் அழவும் இல்லை, அப்பாவைத் திட்டவும் இல்லை. பெங்களூர் போனால் அம்மாவை யார் கூட்டிப் போவது என்று மனசுக்குள் ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது வெளியிலேயே தெரிந்தது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. மாதக்கணக்கில் அந்த வீட்டுக்கு வந்து போகிறேன். அந்தப் போனையும் அந்த நோட்டையும் வைத்து ஊரெல்லாம் கதை சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒருநாளாவது நோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்திருந்தால், மாமா இதை நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். மொத்தச் சின்னாங்கொட்டாயிலேயே இது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

பச்சியப்பன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மகளிடம் நிர்மலாவுக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா, நான் கோகிலவாணியோட அப்பன் பேசறனுங்க. லைனைக் கெடுத்தது நானுங்க. லைன் சரியா இருக்குதான்னு பாத்துப் பாத்தே கெடுத்துட்டனுங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவ ஒரு நிமிசம்கூட ஏமாத்த மாட்டா."

அவர் வாழ்நாளில் தன் டெஸ்ட்டின் மேல் தப்பு என்று ஒத்துக்கொண்டதை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். நிர்மலா அவர் சொன்னதை நம்புவதாகச் சொன்னார். ஆனால் பேச்சு அறுந்தது அறுந்ததுதான், மூன்றாவது வார்னிங் பதிவாகிவிட்டது, அதைத் தன்னால் அழிக்க முடியாது என்றார். மூன்று மாதம் பெங்களூர் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்தால், அதன்பின் வீட்டு வேலைக்கு மறுபடி எழுதிக் கேட்கலாம். வேலை போகாமல் இருக்க அதுவே தன்னால் ஆனது என்றார்.

போனை வைத்தாயிற்று. செவ்வாய், வியாழன், சனி என்கிற மூன்று நாட்களும் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன. டயாலிசிஸ் ஆரம்பித்த பதினான்கு மாதத்தில் பச்சியப்பன் ஒருநாள்கூட அந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததில்லை. சாலம்மாளைப் பஸ் ஏற்றிவிடுவதோடு சரி. கேட்டால் மாடு இருக்கிறது என்பார், லைன் வந்த பிறகு, லைனைப் பார்க்க ஆள் வேண்டாமா என்பார். கல்நெஞ்சுக்காரர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதைச் சொன்னவன்தான்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் பச்சியப்பன், வாசலைப் பார்த்துக்கொண்டு.

கோகிலவாணி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் போனாள். போகும்முன் அம்மாவின் மாத்திரைகளை நேரம் வாரியாகப் பிரித்துக் கொடுத்து, தண்ணீர் எத்தனை டம்ளர் குடிக்கலாம் என்று அப்பாவிடம் மூன்று முறை சொன்னாளாம். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை என்று சாலம்மாள் என்னிடம் அதிசயமாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கனெக்டர் வாங்கத் தர்மபுரி போனவன், மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்கும் போனேன். டயாலிசிஸ் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பச்சியப்பன் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். கையில் சாலம்மாளின் பை, அதற்குள் ஒரு போர்வை. உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. துணைக்கு வந்தவர் உள்ளே வரலாம் என்று நர்ஸ் இரண்டு தரம் சொல்லியும் போகவில்லையாம்.

என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. "அருணு, அந்தக் குழாயில ரத்தம் ஓடறது வெளியிலயே தெரியுமாமே" என்றார்.

தெரியும் மாமா என்றேன்.

"இதைப் பாக்கத்தான் எனக்குப் பயம். வேற ஒண்ணும் இல்லை. அதனாலதான் அந்தப் போனைப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன், ஏதோ குடும்பத்துக்குச் செய்யறாப்பல." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பதினாலு மாசமா பாப்பா ஒருத்தியா இதைப் பாத்துட்டு வந்து, ரெண்டு மணிக்கு ஊரான் வூட்டு நோவுக்கெல்லாம் நல்லபடியாப் பதில் சொல்லியிருக்கா. அந்தப் பேச்சத்தான் நான் அறுத்திருக்கறேன்."

எதையாவது சொல்லித் தேற்றுகிற பழக்கம் எங்களுக்குள் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவர் ஓரமாகவே நடந்து மூன்றாவது படுக்கைக்குப் போனார். குழாய்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கால்மாட்டில் நின்றார்.

சாலம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தார். ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல், இன்னொரு கையால் நாற்காலியைக் காட்டினார்.

"அதை இப்படித் தலைமாட்டுக்குப் போட்டு உக்காருங்க" என்றார். "அங்க நின்னா எனக்கு மூஞ்சி தெரியல."